கை காட்டினால் இறங்கி ஓடாதீர்கள்

விழுப்புரத்தில் நான் இறங்கியபோது மணி காலை ஏழு. வெயில் அதற்குள் பத்து மணி வெயிலாக இருந்தது. தோளில் இரண்டு பைகள். ஒன்று என்னுடையது: இரண்டு சேலை, ஒரு தட்டு, ஒரு போர்வை. இன்னொன்று மல்லிகாவுடையது. மஸ்கட்டில் ஒரே வீட்டில் நான் சமைத்தேன், அவள் துணி துவைத்தாள். நான் வேலையை விட்டுக் கிளம்பியபோது, கண்டாச்சிபுரத்தில் இருக்கும் தன் தம்பி ஏழுமலையிடம் சேர்க்கச் சொல்லி, பேரீச்சம்பழம், சோப்பு, அத்தர், ஒரு தடித்த கம்பளி என்று அடைத்துக் கொடுத்திருந்தாள். அக்னி நட்சத்திரத்தில் கண்டாச்சிபுரத்துக்குக் கம்பளி. சுமந்தது நான்.

எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீஸ், திருப்பூர், மூணாறு, மஸ்கட். ஒரே ஊரில் ஆறு மாதம் இருந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஓட்டுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து நிறைய தூரம் போயிருக்கிறேன். இந்த நான்கு நாளில் பார்த்ததை ஆற வைத்து எழுதலாம் என்று நினைத்தேன். ஆறவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் இட்லி சாப்பிட்டேன். சட்னி எங்கள் ஊர்ச் சட்னியைவிட இளக்கம். கேட்காமலே மூன்று கரண்டி ஊற்றினார்கள். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "வேவிச்ச மல்லாட்டை வாங்கிக்கினு போம்மா. பஸ்ஸு எடுக்க நேரமாவும்" என்றாள். அது என்ன மல்லாட்டை என்று எட்டிப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கடலைதான். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கண்டாச்சிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டுவதற்குள் பஸ் ஒரு சிக்னலில் நின்றது. கீழே ஒரு போலீஸ்காரர் மோட்டார் பைக் ஒன்றை மறித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் கையை நீட்டிச் சாவியைத் திருகி உருவினார். பைக்கில் வந்தவன் நாற்பது வயது ஆள், சட்டைப் பையில் பேனா, பார்த்தால் வாத்தியார் போல இருந்தான். அவன் கோபப்படவில்லை. சிரித்தான். தப்பு செய்த பிள்ளை சிரிப்பது போல ஒரு சிரிப்பு. பிறகு சாவியின் பின்னாலேயே ஓடினான்.

கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சாவி போச்சா? இன்னிக்கு அவரு ஸ்கூலுக்குப் போன மாதிரிதான்" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் வாயில் கடலைத் தோல் ஒட்டியது போல இருக்கிறது.

கண்டாச்சிபுரத்தில் ஏழுமலையின் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சந்தைக்குப் பின்னால் நான்காவது தெரு என்று மல்லிகா சொல்லியிருந்தாள். எந்தப் பக்கமிருந்து எண்ணுவது என்று சொல்லவில்லை. ஏழுமலைக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லி. கம்பளியைப் பார்த்ததும் அவனும் அவன் மனைவி சுமதியும் என்னைப் பார்த்தார்கள், பிறகு மூவரும் சிரித்தோம். "அக்கா அங்க ஏசி ரூம்புல குளுருல கெடக்குது போல" என்றான். மதியம் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். இரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சுமதி என் பையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

ஏழுமலைக்குக் குஞ்சு வண்டி ஓட்டும் வேலை. முட்டையிலிருந்து வந்து ஒரு நாள்கூட ஆகாத கோழிக்குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்து ஏற்றி, வளர்க்கும் பண்ணைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி முதலாளியுடையது, குட்டியானை என்று சொல்கிறார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி. துளை போட்ட பெட்டி ஒன்றில் நூறு குஞ்சு, ஒரு நடைக்கு இருபது பெட்டி.

"வண்டி ஓடிக்கினே இருந்தா காத்து போய்க்கினு இருக்கும்க்கா, ஒண்ணும் ஆவாது" என்றான். "வெயில்ல நின்னா அவ்ளோதான். மொதல்ல கத்தும். கத்துற வரைக்கும் பயமில்ல. சத்தம் அடங்கிச்சுன்னா போச்சு."

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பஞ்சரில் மூன்று பெட்டி போய்விட்டதாம். இன்னொரு முறை இப்படி ஆனால் சாவியை வைத்துவிட்டுப் போ என்று முதலாளி சொல்லியிருந்தார். சுமதி அதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். அந்த இடத்தில் மட்டும் அவள் கை நின்றது.

மறுநாள் ஏழுமலை தன் பிளாஸ்டிக் உறையைக் காட்டினான். ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று, லைசென்ஸ். ஒன்றும் காலாவதி ஆகவில்லை. ஆர்.சி. நகலின் மூலையில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்திருந்தது. அத்தோடு தொழில் சொல்லிக்கொடுத்த டிரைவர்கள் கற்றுக்கொடுத்த பாடத்தையும் சொன்னான்.

"கை காட்டினா மூணு செகண்டுல கீழ இருக்கணும்க்கா. துண்டைத் தோள்லேந்து எடுத்துடணும். அவங்க கேக்கறதுக்கு முன்ன நாமளே சாவியைக் குடுத்துடணும். அவங்களா கேக்கற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது. பேசினா கேஸு கூடிக்கினே போவும்."

நான் மஸ்கட்டில் பார்த்ததைச் சொன்னேன். ஒருமுறை எங்கள் முதலாளியம்மா காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனபோது போலீஸ் நிறுத்தியது. நான் பதறிப் போய்க் கதவைத் திறந்து இறங்கப் போனேன். அந்த அம்மாள் என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஓரமாக நிறுத்தினாள், எஞ்சினை அணைத்தாள், கண்ணாடியை இறக்கினாள், இரண்டு கையையும் ஸ்டீயரிங்மேல் வைத்துக்கொண்டு இருந்தாள். போலீஸ்காரர் நடந்து வந்தார், சலாம் சொன்னார், பேப்பரைப் பார்த்தார், போகச் சொன்னார். அந்த ஊரில் எனக்கு நடந்ததெல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தவளும் அதே அம்மாள்தான். ஆனால் வண்டியை நிறுத்தினால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை அவளிடம்தான் கற்றேன்.

"அது அந்த ஊரு, அக்கா" என்றான் ஏழுமலை.

மூன்றாம் நாள் எனக்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. ஏழுமலைக்கு விழுப்புரம் பக்கத்தில் ஏற்றித் திண்டிவனத்துக்கு அருகில் ஒரு பண்ணையில் இறக்கும் நடை. "என்னோட வண்டிலயே வாங்க, திண்டிவனத்துல பஸ்ஸு ஏத்தி வுடறேன்" என்றான். விடியற்காலையில் ஏற்ற வேண்டிய குஞ்சு. பொரிப்பகத்தில் ஆள் வராமல், பெட்டி நிறைந்து வண்டி கிளம்பும்போது பதினொன்றரை.

நெடுஞ்சாலையில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பின்னால் இரண்டாயிரம் குஞ்சுகள் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தன. முதல் பத்து நிமிடம் காது வலித்தது, பிறகு மழைச் சத்தம் போலப் பழகிவிட்டது. ஏழுமலை அடிக்கடி தலையைச் சாய்த்துக் கேட்டான். மற்ற டிரைவர்கள் பாட்டுப் போட்டுக்கொள்வார்கள். அவன் வண்டியில் பாட்டுப் பெட்டியே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் இருக்கும். சாலை நடுவில் தடுப்பு வைத்து ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். எந்த இடம், எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு ஸ்டேஷனில் நடந்த கதையாகிவிடும்.

ஏழுமலை ஓரம் கட்டினான். ஐம்பது அடி தள்ளி ஒரு பெரிய புளியமரம், அதன் நிழலில் ஜீப், ஜீப்பில் எஸ்.ஐ. எங்கள் வண்டி நின்றது சுத்தமான வெயிலில். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் எஞ்சினை அணைத்து, சாவியை உருவி, துண்டை இருக்கையில் போட்டு, உறையோடு கீழே குதித்துவிட்டான். சாவியை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை வளைத்து, கோயிலில் தட்டு கொடுப்பது போலப் போலீஸ்காரரிடம் கொடுத்தான். அவர் அதை வாங்கி, தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மேசைமேல் மல்லாத்தி வைத்திருந்த தொப்பியில் போட்டார். தொப்பியில் ஏற்கெனவே ஒரு கைப்பிடி சாவி கிடந்தது.

ஜீப்புக்கு முன்னால் வரிசை. ஏழெட்டு டிரைவர்கள், எல்லாருக்கும் கக்கத்தில் பிளாஸ்டிக் உறை, எல்லாரும் கையைக் கட்டியிருந்தார்கள். எஸ்.ஐ. போனில் பேசிக்கொண்டிருந்தார். ஏழுமலை போய்க் கடைசியில் நின்றான்.

பின்னால் குஞ்சுகளின் சத்தம் ஏறியது. இறங்கிப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிக் கட்டினேன். உள்ளேயிருந்து அடுப்பு வாயைத் திறந்தது போல அனல். துளை வழியே அலகுகள் திறந்து திறந்து மூடின. ஒரு அட்டையைக் கிழித்து விசிறினேன். இருபது பெட்டி, ஒரு அட்டை.

கால்மணி நேரம் கழித்து வரிசைக்குப் போனேன். "ஏ தம்பி, போய்ச் சொல்லு. உள்ள குஞ்சு கெடக்குன்னு சொல்லு."

"கேக்கட்டும்க்கா. கேட்டா சொல்றேன்" என்றான். உதடு காய்ந்திருந்தது.

அவனுக்கு முன்னால் நின்ற லாரி டிரைவர், மீசைக்காரர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "சாரு இன்னும் டீயே குடிக்கல. அதுக்குள்ள உனக்கு இன்னா ஜல்தி?" இரண்டு பேர் சத்தம் வராமல் சிரித்தார்கள்.

"அண்ணே, நாலு பேர் கை குடுங்க. வண்டியை மரத்தடிக்குத் தள்ளிருவோம்" என்றேன்.

"தள்ளிக்கினு ஓடப் பாத்தான்னு எழுதுவாங்கம்மா" என்றார் மீசைக்காரர். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. ஒருவரும் வரிசையிலிருந்து காலை நகர்த்தவில்லை. அத்தனை பேரும் இரவு பகல் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள். ஐம்பது அடி தள்ளுவதற்குப் பயம்.

எஸ்.ஐ. போனை வைத்தார். நான்கைந்து பேரைப் பார்த்து அனுப்பினார். ஏழுமலைக்கு முன்னால் மூன்று பேர்தான் பாக்கி. அப்போதுதான் அவன் ஒரு காரியம் செய்தான். எங்கள் நாட்டைத் தவிர வேறெங்கும் ஒருவன் இப்படிச் செய்வானா என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளிக்குப் போன் போட்டு, அதை எஸ்.ஐ.யின் முகத்துக்கு நேராக நீட்டினான். "சார், அண்ணன் பேசறாருங்க. ஒரு வார்த்தை…"

எஸ்.ஐ.யின் முகம் சிவந்தது. "யாருடா அது அண்ணன்? எனக்கே ஆர்டர் போடறியா? அந்தாண்ட போய் நில்லு. உன்னைக் கடைசியா பாக்கறேன்."

தன் வாயால் ஒரு வாக்கியம் சொல்லப் பயந்தவன், பெரிய மனிதர் வாயால் சொல்ல வைக்கப் பார்த்தான். அதற்கு மட்டும் தைரியம் இருந்தது. நிறுத்தினால் யாருக்காவது போன் போடு என்பது எங்கள் ஊரிலும் இருக்கிற பழக்கம்தான். போன் போட ஆள் இல்லாதவன் கையைக் கட்டுகிறான். இரண்டுமில்லாமல், நான் டிரைவர், இது என் பேப்பர், இது என் சரக்கு என்று சொல்லும் மூன்றாவது வழி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் பின்னால் சத்தம் குறைந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை, காதடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஏழுமலைக்குப் புரிந்தது. அவன் வண்டிப் பக்கம் திரும்பினான், ஆனால் கால் நகரவில்லை. கை கட்டியது கட்டியபடியே இருந்தது, கண்ணில் மட்டும் தண்ணீர் ஓடியது.

நான் நேராக ஜீப்புக்குப் போனேன். "சார், அந்த வண்டியில உசுரு இருக்கு. ரெண்டாயிரம் குஞ்சு. வெயில்ல சாகுது. எந்திரிச்சு வந்து பாருங்க."

"நீ யாரும்மா?"

"வண்டில வந்தவ சார். அத அப்புறம் கேளுங்க. வாங்க."

அவர் வந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். வேகமாகவே வந்தார். ஒரு பெட்டியில் கையை வைத்தார், உடனே எடுத்தார். திரும்பி ஏழுமலையைப் பார்த்துக் கத்தினார்: "அறிவில்ல உனக்கு? உசுரை ஏத்திக்கினு வந்தவன் வந்த ஒடனே சொல்ல மாட்டே? நான் காலிப் பொட்டின்னு நெனச்சிக்கினு இருக்கேன். வாயில இன்னா வெச்சிருந்த?"

"வாயைத் திறந்தா கேஸ் கூடும்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்துருக்காங்க சார்" என்றேன். "நீங்க வண்டிகிட்ட நடந்து வந்திருந்தா, ஒருத்தர் சொல்லாமலே காதுல கேட்டுருக்கும்."

அவர் மேசைப் பக்கம் திரும்பினார். "சாவியைக் குடுய்யா, சீக்கிரம்" என்றார் போலீஸ்காரரிடம். ஏழுமலையின் உறையை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தச் சந்தனப் பொட்டு வைத்த காகிதத்தை யாருமே பார்க்கவில்லை.

அத்தோடு முடியவில்லை. தொப்பியில் குட்டியானைச் சாவி மூன்று இருந்தது. மூன்றும் ஒரே மாதிரி, மூன்றிலும் மேல்மலையனூர் அம்மன் படம் போட்ட வளையம். போலீஸ்காரர் கொடுத்த சாவி நுழைந்தது, திரும்பவில்லை. ஏழுமலை திரும்ப ஓடினான். இரண்டாவதும் இல்லை. மூன்றாவது சாவியோடு வந்து வண்டியை எடுத்தபோது, நாங்கள் நின்று முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

பண்ணைக்குப் போகும் வரை ஏழுமலை தலையைச் சாய்த்துக் கேட்கவே இல்லை.

பண்ணைக்காரர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஓரத்துப் பெட்டிகளில் குஞ்சுகள் தள்ளாடி எழுந்தன. நடுவில் அடுக்கியிருந்த ஏழு பெட்டியில் எழவில்லை. மஞ்சள் பஞ்சு மூட்டையை அவிழ்த்தது போல இருந்தது. பண்ணைக்காரர் திட்டவில்லை, முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னார். பிறகு ஏழுமலையைப் பார்த்து, "சாவியை இங்கயே குடுத்துட்டுப் போகச் சொல்றாரு" என்றார்.

ஏழுமலை சாவியை எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை வளைத்துக் கொடுத்தான். சாலையில் கொடுத்த அதே மாதிரி.

எனக்கு வந்த கோபம் எஸ்.ஐ. மேல் பாதிதான். மீதி அந்த வளைந்த இடுப்பின் மேல். இறங்கி ஓடுவது மரியாதை என்று எவன் சொல்லிக்கொடுத்தான்? நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், அதில் பேச்சே இல்லை. தப்பித்து ஓடுகிறவனால்தான் சாவியைப் பிடுங்குகிற பழக்கமே வந்தது என்று போலீஸ்காரர்கள் சொல்வார்கள், அதிலும் உண்மை இருக்கும். ஆகவே இடப்பக்கம் ஒதுங்கி, முடிந்தால் நிழலில் நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். உட்கார்ந்திருங்கள். அவர் வரட்டும், வருவதுதான் அவர் வேலை. வண்டியில் உயிரோ நோயாளியோ இருந்தால் வணக்கத்துக்கு அடுத்த வார்த்தை அதுவாக இருக்கட்டும். பேப்பரையோ போனில் இருக்கும் நகலையோ காட்டுங்கள். தப்பு இருந்தால் அபராதத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள். குரலை உயர்த்தாதீர்கள், குழையவும் செய்யாதீர்கள். அண்ணனுக்குப் போன் போடாதீர்கள். சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும். அதைப் பிடுங்கச் சொல்லி எந்தச் சட்டத்திலும் இல்லை என்று திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தா அடித்துச் சொல்வார்.

இதையெல்லாம் நான் ஏழுமலையிடமும் சொன்னேன். அவனை அப்படியே விட்டுச் சென்னை பஸ் ஏற மனம் வராமல், அன்று திண்டிவனத்தில் அவன் சகலை வீட்டில் தங்கினோம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தானே தவிர, சாப்பிடவில்லை. நான் சொன்னதைக் கேட்டானா என்றும் தெரியவில்லை.

நான்காம் நாள் காலை, சகலையின் மோட்டார் பைக்கில் என்னைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போனான். அவன் ஹெல்மெட் போட்டிருந்தான், எனக்கு இல்லை. கடைத்தெரு முனையில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார்.

பைக் இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. அவன் எஞ்சினை அணைத்தான். முதுகு விறைத்தது எனக்குத் தெரிந்தது. இறங்கி ஓடப் போகிறான் என்று நினைத்தேன். போலீஸ்காரர் நடந்து வந்து வழக்கம் போலச் சாவிக்குக் கையை நீட்டினார். ஏழுமலை சாவியின் மேல் தன் கையை வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான்.

"வணக்கம் சார். வண்டி ஆஃப்லதான் கீது. பேப்பரு இருக்குது, பாருங்க."

போலீஸ்காரர் அவனை ஒரு கணம் பார்த்தார். நீட்டிய கை காற்றிலேயே நின்றது. பிறகு அந்தக் கை பேப்பரை வாங்கிக்கொண்டது.

"பேப்பர் சரி. பின்னாடி இருக்கறவங்களுக்கு ஹெல்மெட் எங்க?"

"தப்புதான் சார். ரசீது போடுங்க."

அவர் கையடக்க மிஷினில் தட்டினார், ரசீதைக் கிழித்துக் கொடுத்தார், நான் பணத்தைக் கட்டினேன். "அடுத்த தபா போட்டுக்கினு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

பேருந்து நிலையம் வந்ததும் ஏழுமலை பைக்கை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் இருந்த ரசீதையே பார்த்தான். சென்னை வண்டியின் கண்டக்டர் சீட் இருக்கு, சீட் இருக்கு என்று கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத் தப்பு நம்ம மேல. மூணு நிமிஷத்துல வுட்டுட்டாரு" என்றான் ஏழுமலை. "நேத்து ஒரு தப்பும் இல்ல. இவ்ளோதானாக்கா? வாயைத் தொறந்து சொல்லியிருந்தா, இவ்ளோதானா?"

நான் பையை எடுத்துக்கொண்டு ஏறினேன். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் திரும்பும்போது பார்த்தேன், அவன் அங்கேயே நின்றிருந்தான். சாவியை யாரிடமும் கொடுக்காதவன் போல விரல்களை இறுக மூடியிருந்தான்.